பவுடர் போட்ட கிணறு

1. பாட்டிலுக்குக் கிடைத்த மரியாதை

குடிதண்ணீரைச் சோதிக்கும் சர்க்கார் வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னிடம் ஒரு ஐஸ் பெட்டி, ஆவியில் வேகவைத்த நான்கு கண்ணாடி பாட்டில், ஒரு ஸ்பிரிட் விளக்கு ஆகியவற்றை ஒப்படைத்தார்கள். கூடவே அரைமணி நேரம் பயமுறுத்தினார்கள். பாட்டில் வாயில் விரல் பட்டால் போச்சு. மூடியைத் தரையில் வைத்தால் போச்சு. தண்ணீரைப் பிடித்து ஆறு மணி நேரத்துக்குள் சென்னையில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவராவிட்டால் எல்லாமே போச்சு. என் தங்கையைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அவள் மாமியாரிடம் நாங்கள் இத்தனை எச்சரிக்கை சொல்லவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு வாரம் முன்பே மணியக்காரருக்குக் கடிதம் போட வேண்டும். ஏன் என்று சூப்பரின்டெண்டென்டைக் கேட்டேன்.

"கவர்ன்மென்ட் ஆளு சொல்லாம கொள்ளாம போய் நிக்கலாமாப்பா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கடிதம் கிருமிகளுக்கும் சேர்த்துத்தான் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

2. மூன்று முறை நற்சான்றிதழ்

யுத்த காலம் அது. அயனம்பாக்கம் ஏரிக்கு அப்பால் ஒரு கிராமம் என் பொறுப்பில் இருந்தது. ரயிலில் அம்பத்தூர் வரை போவேன். அங்கே மணியக்காரரின் மாட்டு வண்டி காத்திருக்கும். ஊருக்குள் போனதும் இளநீர். ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் பிடித்ததும் அதே வண்டியில் ஸ்டேஷனுக்குத் திரும்புவேன்.

மூன்று முறை போனேன். மூன்று முறையும் தண்ணீர் அப்பழுக்கில்லாமல் இருந்தது. கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூட்டுப் பெட்டியில் வைப்போம். மலக்கிருமி இருந்தால் வாயு கிளம்பும். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. கிணற்றருகே லேசாக பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. சுத்தமான ஊர் என்று மெச்சிக்கொண்டேன். மூக்கு வேலை செய்தது, மூளைதான் லீவில் இருந்தது.

"இக்கிணற்று நீர் குடிக்கத் தகுந்தது" என்று தமிழில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை மணியக்காரர் சாவடிச் சுவரில் ஒட்டிவைத்தார்.

இதற்கிடையில் அந்த ஊரில் வாந்திபேதி என்று அடிக்கடி தகவல் வந்தது. சூப்பரின்டெண்டென்ட் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கே. வெள்ளரிப் பிஞ்சு தின்னிருப்பாங்க" என்றார். நோயாளிகளைப் பார்க்காமலே வைத்தியம் பார்க்கும் வரம் அவருக்கு வாய்த்திருந்தது.

3. கடிதமும் நானும் ஒன்றாகப் போனோம்

நான்காம் முறை எங்கள் குமாஸ்தா கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டார். நான் கிளம்பும்போதுதான் அது அவர் மேஜையில் கிடைத்தது. "போற வழிதானே, நீயே குடுத்துடு" என்று என் கையில் திணித்தார்.

அம்பத்தூரிலிருந்து நடந்தே போனேன். கடிதத்தைப் படித்த மணியக்காரர் ஆடிப்போனார்.

"இன்னா சார் இது, இன்னிக்கே தண்ணி எடுக்கணும்ன்றீங்க? இன்னும் மருந்தே போடல சார். நாளிக்கி வாங்க, சுத்தமா வச்சிருக்கேன்."

"மருந்து வாரா வாரம் போடத்தானே பிளீச்சிங் பவுடர் டின் குடுத்திருக்கு?"

"வாரா வாரம் போட்டா டின்னு தீந்துபூடாதா? அப்பால நீங்க வர்ற அன்னிக்கி இன்னாத்த போடறது? பொட்டில பூட்டி வச்சிகிறேன் சார். விருந்தாளி வந்தா ஊட்ட மொழுகறதில்லியா?"

அவர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. பரீட்சை தண்ணீருக்கு அல்ல, ஊரின் மானத்துக்கு என்று நினைத்திருந்தார். மருந்து போடும் அன்று நாற்றம் தாங்காமல் ஊரே ஏரித் தண்ணீரைக் குடிக்கப் போய்விடுமாம். ஆக, நான் நற்சான்றிதழ் கொடுத்த தண்ணீரை அந்த ஊரில் யாருமே குடித்ததில்லை.

கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குடத்தை அப்படியே இறக்கி வைத்தாள்.

"அப்போ அந்தக் காயிதம்?" என்று என்னைக் கேட்டாள். "ஏரிக்கரைல சுள்ளி பொறுக்கி தெனிக்கும் காச்சிதான் குட்ச்சிகினு இருந்தேன். தண்ணி நல்லாகீதுன்னு நீ எய்திகிறதா சாவடில பட்ச்சி சொன்னாங்க. அத நம்பிதான் நைனா காச்சறத வுட்டேன். ரெண்டு நாளா எம்பொண்ணுக்கு நிக்காம போவுது. கண்ணு சொருகிகினு கீறா."

அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கம் இன்றுவரை முழுசாகப் போகவில்லை. குழந்தையைப் போய்ப் பார்த்தேன். மூன்று வயது, பெயர் பொன்னி. கிள்ளினால் தோல் அப்படியே நின்றது, உடம்பில் நீர் வற்றியிருந்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைக்கும்.

அறுவடை நேரம். மற்ற வண்டிகளெல்லாம் களத்தில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தன. ஊருக்குள் இருந்தது மணியக்காரர் வண்டி ஒன்றுதான். பூந்தமல்லி ஒரு திசை, அம்பத்தூர் ஸ்டேஷன் இன்னொரு திசை.

முதலில் கிணற்றில் பாட்டிலை இறக்கித் தண்ணீர் பிடித்தேன். பிறகு கன்னியம்மாவையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றினேன்.

"சார், அப்ப சாம்பிளு?" என்றார் மணியக்காரர்.

"அது நடந்து வரும்."

ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஐஸ் உருகி முதுகெல்லாம் வழிந்தது. நான் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. அடுத்த ரயிலைப் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது சூப்பரின்டெண்டென்ட் பாட்டிலைப் பார்க்கவில்லை, கடியாரத்தைப் பார்த்தார்.

"ஏழே கால் மணி நேரம். லெட்டரும் முன்னாடி போகலை. இது சாம்பிளே இல்லப்பா, வெறும் தண்ணி."

"வெறும் தண்ணிதானே சார், ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் குடிக்கவில்லை. எனக்கு மெமோ கொடுத்தார். ஆனால் அந்தப் பாட்டிலைத் தன் மேஜையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்ததைக் கவனித்தேன். மறுவாரம் கடிதம் இல்லாமல் போகிறேன் என்றபோது அவர் மறுப்புச் சொல்லவில்லை.

போனதும் முதல் வேலையாகச் சாவடியிலிருந்த என் தாளைக் கிழித்தேன். அன்று பிடித்துவந்த தண்ணீரில் எல்லாக் குழாயிலும் வாயு கிளம்பியது. அதன் பிறகே கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழும்பியது, டின் பெட்டியை விட்டு வெளியே வந்தது. பொன்னி பிழைத்துக்கொண்டாள். அதில் எங்கள் ஆபீஸுக்கு ஒரு பங்கும் கிடையாது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாட்டிலை வேகவைப்பது எளிது. ஜனங்கள் அன்றாடம் குடிக்கும் தண்ணீரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அடுத்த வருஷம் அதே கிணற்றில் நிஜமாகவே நல்ல தண்ணீர். கன்னியம்மாவைத் தேடிப் போய் நானே சொன்னேன். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"நல்லாவே இருக்கட்டும் நைனா, சந்தோசம். நான் காச்சியே குட்ச்சிக்கறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் ஆற வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு நடந்தேன்.