கால்வாய்க் கரையிலிருந்து கல்தூண் வீடு வரை

நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே தயங்குகிறவள் நான். எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அங்கே நூலகத்தில் எடுத்த ஒரு நாவல்தான் இந்த நடைக்குக் காரணம். படித்தவர்களுக்கு எதுவென்று தெரிந்துவிடும். பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் தபால் சுமந்து நடந்த ஒருவரைக் கால்வாய்க் கரையில் யாரோ வெட்டிக் கொன்றார்கள். பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் சிறைக்குப் போய் அங்கேயே இறந்தார். நாவல் அவரையே கொலைகாரனாக வைத்து, வெட்டிவிட்டு அவர் கல்தூண் வைத்த தன் வீட்டுக்குத் திரும்பும் நடையை ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்கிறது. அந்த வழியில்தான் இப்போது பலரும் நடந்து படம் போடுகிறார்கள். அப்படி ஒரு பதிவைப் பார்த்துத்தான் போன தை மாதம் ஒரு ஞாயிறு நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். வீட்டில் சுருளி அருவிக்கு என்று சொல்லியிருந்தேன்.

தேனியில் காலை ஏழு மணிக்குக் கம்பம் பஸ். நாற்பது கிலோமீட்டர் இருக்கும். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இறங்கியதும் இடதுகைப் பக்கம் மேகமலை முழுதாகத் தெரிந்தது. அதன்பின் மூன்று கிலோமீட்டர் நடை.

கரைப் பாதை குறுகல். ஒரு பக்கம் வேகமாக ஓடும் தண்ணீர், மறுபக்கம் திராட்சைப் பந்தல். பந்தல் தாழ்வாக இருப்பதால் உள்ளே இருப்பவர்களின் கால்கள் மட்டும்தான் கண்ணில் படும். கொஞ்ச தூரம் போனதும் இரண்டு கால்கள் என்னோடு கூடவே வருவதைக் கவனித்தேன். நான் நின்றால் அவையும் நின்றன. நாவலில் தபால்காரரும் இப்படித்தான் ஒரு முறை நிற்பார்.

பந்தல் முடியும் இடத்தில் ஓர் அம்மா குனிந்து வெளியே வந்தார். கையில் கொடி வெட்டும் கத்தரி.

"யாரு ஆத்தா? எந்த ஊரு?"

"தேனி. சும்மா நடக்க வந்தேன்."

"சும்மா நடக்க வாரவுக கையிலெல்லாம் இதே பொஸ்தகம்தான் இருக்கு. போட்டோ எடுத்தியா? செல்லக் காட்டு."

காட்டினேன். மலையும் திராட்சைக் குலைகளும்தான் இருந்தன.

"அந்தக் கல்தூண் வீடு எங்க வீடு. எங்க பூட்டன் செத்து எத்தன காலமாச்சு, இன்னும் ஒங்களுக்குக் கைடு வேல பாத்துக்கிட்டிருக்காரு. வெட்டுனாரோ, இல்லையோ, எனக்குத் தெரியாது. எம்மக என்ன செஞ்சா? கொலகாரன் வீடுன்னு செல்லுல பாத்துட்டு ஒரு சம்பந்தம் போச்சு. இப்ப இன்னொன்னு பேசிக்கிட்டிருக்கு."

அப்போது எதிரே ஒரு பைக் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். முதலில் என்னைத்தான் கேட்டார்.

"ஏம்மா, எங்க அக்கா மகனுக்குப் பொண்ணு விசாரிக்க வந்தேன். இங்கன ஏதோ கொலகாரன் வீடுன்னு செல்லுல போட்டுருக்காக. எங்களுக்குச் சொல்லிவிட்ட பொண்ணு அந்த வீடுதானா?"

புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். "தெரியாதுங்க. நான் அருவிக்கு வந்தேன்."

அவர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "தாயி, நீங்க இந்த ஊர்தான?"

அந்த அம்மா கத்தரியை இடுப்பில் செருகினார்.

"அந்த வீடுதாண்ணே. பொண்ணுக்கு அம்மா நாந்தான். எங்க பூட்டன் செயிலுக்குப் போனது நெசம். மறைக்கல. வாங்க, காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம்."

பெரியவர் பைக்கை அணைத்தார், ஆனால் இறங்கவில்லை.

"கை நனைக்கிறது பெறகு ஆகட்டும் தாயி. நேராச் சொல்லிட்டீக, எனக்கு அது போதும். ஆனா வீட்டுல இன்னும் நாலு பேரு செல்லு பாப்பாகள்ல. பேசிட்டுச் சொல்லுறோம்."

பெண் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டால் பாதி சம்மதம் என்று அர்த்தம். அவர் குடிக்காமலேயே போனார்.

பைக் சத்தம் அடங்கியதும் அந்த அம்மா என்னைப் பார்த்தார். "எனக்காகப் பொய் சொன்னியாக்கும்? அவருகிட்ட நானே சொல்லிக்கிருவேன். நீ படிச்ச புள்ள, படம் போடுற ஒங்க ஆளுககிட்டப் போயிச் சொல்லு."

கல்தூண் வீட்டைப் பார்க்காமலேயே திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: கரையில் பாசி வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். மருந்து அடிக்கும் பந்தல் பக்கம் நிற்காதீர்கள். வழியில் கடை இல்லை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் வரும் காற்றும் தண்ணீர்ச் சத்தமும் கரையிலேயே கிடைத்துவிடும். ஊருக்குள் போக வேண்டியதில்லை.

அந்த அம்மாவிடம் வாங்கி வந்த எண்ணுக்கு நேற்றுப் போன் செய்தேன். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லையாம். மாப்பிள்ளை வீட்டில் யாராவது இன்னும் செல்லில் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். கல்தூண் வீட்டுப் படம் போட்டவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.