கையிலா, சீட்டிலா

எங்கள் இருவரில் பேசுவது அண்ணன், கேட்டுக்கொள்வது தங்கச்சியான நான். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது எங்கள் தொழில். அண்ணன் ஓட்டுவார், பேரம் பேசுவார், கனத்த கட்டிலைக் குறுகலான மாடிப்படியில் லாவகமாகத் திருப்பி இறக்குவார். கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், "அது ஊமைக்கோட்டான்ங்க, எங்கிட்ட கேளுங்க" என்று அண்ணன் முந்திக்கொள்வார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து இப்படித்தான். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

எங்கள் பழைய லாரிக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்ததும் அண்ணன்தான். அந்தப் பெரியம்மா நெடுஞ்சாலையில் வேகம் எழுபதைத் தாண்டினால் நடுங்க ஆரம்பித்தாள். அறுபதுக்கு இறக்கினால் அடங்கிவிடுவாள்.

"வைத்தியரே, பெரியம்மாவுக்குக் குளிர் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வண்டியைப் பட்டறைக்குள் விட்டார். மெக்கானிக் அவருடைய பால்ய சிநேகிதர்.

"ஆட்டம் கைல தெரியுதா, சீட்ல தெரியுதா?" என்று கேட்டார் மெக்கானிக். ஸ்டியரிங்கில் தெரிந்தால் கோளாறு முன்பக்கமாம். உட்காருமிடத்தில் தெரிந்தால் பின்பக்கமாம்.

"கைலதான்யா."

எனக்கு அது தொடைக்கடியில் தெரிந்தது. ஓட்டுகிறவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

முன்சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்த்தார்கள். டயர்களை மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. அடுத்த பயணத்தில், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் நிலைக்கண்ணாடி விரிசல் விட்டது. அந்தப் பெண் விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பி வரும்போது அண்ணன் ஜோக்கே அடிக்கவில்லை.

"போதும் பாப்பா. பெரியம்மாவ வித்துட்டு நான் எங்கயாவது வாட்ச்மேனா போயிடறேன்."

அப்படியென்றால் நான் யார் பக்கத்தில் உட்காருவேன் என்று நினைத்தேன். பேச்சை மாற்ற ரேடியோவைப் போட்டேன். ஸ்டியரிங் மேல் கிடந்த அண்ணனின் கட்டைவிரல் பாட்டுக்குத் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் ரேடியோவை அணைத்தேன். தாளம் நிற்கவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். அப்போதும், மடியில் கிடந்த அவர் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஸ்டியரிங் பாக்ஸையே இறக்கிப் பாக்கணும் போலருக்கு, மாப்ள."

"வேணாம்யா, வித்துடலாம்" என்றார் அண்ணன்.

நான் ஓர் அடி முன்னால் வந்தேன். சொன்னேன்: "மெக்கானிக்கண்ணே, ஒரு தடவ நீங்க ஓட்டிப் பாருங்களேன். அண்ணன் என் எடத்துல உக்காரட்டும்."

மெக்கானிக் வாயைப் பிளந்தார். "மாப்ள, உன் தங்கச்சிக்குப் பேச வருதுய்யா!"

அண்ணனின் இருக்கையில், அவர் முதுகுவலிக்காக நான் தைத்துப் போட்ட தடித்த பஞ்சு மெத்தை இருந்தது. என் இடம் வெறும் பலகை மாதிரி. அண்ணன் அதில் உட்கார்ந்தார். நான் நடுவில் ஒடுங்கிக்கொண்டேன். வேகம் எழுபதைத் தாண்டியது.

"யோவ், கீழேருந்துல்ல தூக்கிப் போடுது!" என்றார் அண்ணன்.

மெக்கானிக் இரண்டே விரல்களால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அது அசையாமல் இருந்தது. அண்ணன் அந்த இரண்டு விரல்களையே பார்த்தார். பிறகு குனிந்து தன் மடியைப் பார்த்தார். வேகம் குறைந்தது. பெரியம்மா அடங்கினாள். அண்ணனின் கை அடங்கவில்லை.

பட்டறைக்கு வந்ததும் மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்து, எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான தண்டைப் பிடித்து ஆட்டினார். கடகடவென்றது. "இந்தத் தண்டோட இணைப்புல கிராஸ்னு ஒரு துண்டு, அது தேஞ்சிருக்கு. சாயங்காலத்துக்குள்ள மாத்திடலாம்."

"அப்ப என் கைல தெரிஞ்சது?"

மெக்கானிக் வெளியே வந்தார். "அதுக்கு எங்கிட்ட பார்ட்ஸ் இல்ல மாப்ள. நெஜ வைத்தியர்ட்ட காட்டு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எண்ணெய் அப்பிய கையால் அண்ணனின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. "அவங்க என்ன சொல்றாங்கன்னு தெரியற வரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும். ட்ரிப்புக்கு நான் ஓட்ட வர்றேன்."

டாக்டரம்மா அண்ணனை நடக்கவிட்டுப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். "கை எப்ப ஆடுது? சும்மா இருக்கும்போதா, வேலை செய்யும்போதா?"

அண்ணன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. நான் சொன்னா இவங்களும் முன்சக்கரத்தக் கழட்டிடுவாங்க."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"சும்மா இருந்தாதான் ஆடுது டாக்டர். பீரோவத் தூக்கும்போது ஆடாது. டவுனுக்குள்ள ஸ்டியரிங்க வளைச்சு வளைச்சு ஓட்டும்போதும் ஆடாது. நேர் ரோட்டுல கை சும்மா கெடக்கும் பாருங்க, அப்பதான்."

"எவ்வளவு நாளா?"

சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.