வெட்டாமலே சேர்ந்த எலும்பு

ஏலாக்குறிச்சி ஷாலினி மேரிக்குப் பத்து வயதில் இடது தோளையொட்டிய காறை எலும்பு உடைந்தது. 1996ஆம் வருடம், பள்ளி மைதானத்தில் கோகோ ஆடும்போது விழுந்தாள். அவள் அப்பா ஆரோக்கியசெல்வம் தொடக்கப்பள்ளி ஆசிரியர். மகளைத் தூக்கிக்கொண்டு டவுனில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "உடனே ஆபரேஷன் பண்ணி பிளேட்டு வெக்கணும். இல்லன்னா கை வெளங்காது" என்றார் அங்கிருந்த டாக்டர். ஆரோக்கியசெல்வம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

தோலுக்கடியில் பிளேட்டைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலைகள் தட்டுப்பட்டன. புத்தகப் பையின் பட்டை உரசி அந்த இடம் புண்ணானது. எட்டு மாதம் கழித்து, வைத்த பிளேட்டை எடுக்க மறுபடியும் வெட்டினார்கள். விரல் நீளத்துக்குத் தழும்பு தடித்து நின்றது. அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு உணர்ச்சியே இல்லை. குளிக்கும்போது தண்ணீர் படுவதுகூடத் தெரியாது. கோகோவை அத்தோடு விட்டாள். எல்லாம் தன் தலையெழுத்து என்றுதான் ஏழு வருடம் நினைத்திருந்தாள்.

2003இல், பதினோரு வயதுத் தங்கை ஜெனிபர் சைக்கிளிலிருந்து விழுந்தாள். அதே எலும்பு. அப்பா அதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஷாலினி வாசலை மறித்தாள்.

"இவளையும் வெட்டக் குடுக்கப் போறீங்களா?"

"பாப்பா, கை வெளங்காம போயிடும்மா."

"யாரு சொன்னா? அந்த ஆளுதானே? வேற டாக்டர்கிட்ட காட்டாம இவ எங்கயும் வரமாட்டா."

"பெரியவங்கள எதுத்துப் பேசாதடி" என்று அதட்டினாள் அம்மா மரிய புஷ்பம். ஜெனிபரோ அக்காவின் துப்பட்டாவைப் பிடித்த பிடி விடவில்லை. கடைசியில் அரியலூர் பஸ் ஏறினார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பாலசுந்தரம் என்ற எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சின்னப் புள்ளைங்களுக்கு இது தானாவே சேந்துக்கும். நாலு வாரம் கையைத் துணியில கட்டித் தொங்க விடுங்க. சேர்ற எடத்துல முண்டு மாதிரி தெரியும், போகப் போக அமுங்கிடும். எலும்பு தோலைக் கிழிச்சாலோ நரம்பு, ரத்தக் குழாயில குத்துனாலோதான் வெட்டணும்."

ஷாலினி கையோடு கொண்டுவந்திருந்த தன் பழைய எக்ஸ்ரேயை அவர் முன்னால் போட்டாள். "எனக்கு எங்க சார் கிழிஞ்சுது?"

அவர் அதையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "அன்னிக்கு அந்த டாக்டர் என்ன நெனச்சாரோ..."

"அது வேணாம் சார். நீங்களா இருந்தா வெட்டியிருப்பீங்களா?"

"மாட்டேன்மா."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"பயந்துட்டேன்மா."

"நீங்க பயந்தீங்க. வெட்டுனது என்னைய."

ஈஸ்டர் வரைக்கும் அவள் அப்பாவோடு பேசவில்லை.

ஜெனிபருக்கு நாலு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்திருந்தது, பாக்கு அளவுக்கு ஒரு முண்டோடு. அதைத் தொட்டுப் பார்த்த அன்றே ஷாலினி வீட்டில் சொல்லாமல் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தழும்பைக் காட்டி, ஏழு வருடத்துக்கு முன்னால் அவர் பிளேட்டு வைத்ததைச் சொன்னாள்.

"கை நல்லா இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றார்.

"வெட்டாமலே சேந்திருக்குமா, சேந்திருக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மா, தோள் வீங்கிய சின்னப் பெண்ணை மடியில் வைத்திருந்தார். ஷாலினி தழும்பைக் காட்டினாள். "ஆபரேஷன்னு சொன்னா கையெழுத்துப் போட்டுடாதீங்க. அரியலூர்ல ஒரு தடவ காட்டிடுங்க." நர்ஸ் அவளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள். ஷாலினி இன்னும் உரக்கச் சொன்னாள்.

"டாக்டருக்குத் தெரியாததாம்மா உனக்குத் தெரியப்போவுது?" என்றார் அந்த அம்மா. பெஞ்சை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.