பேரருவியில் மாமனாரைத் தூசி என்றது

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க ஒரு சாயங்காலம் போதும். மாப்பிள்ளை பார்ப்பதற்குத்தான் சீசன் வேண்டும். சாரல் ஆரம்பித்ததும் பெண் வீட்டார், "சும்மா ஒரு குளியலப் போட்டுட்டு வருவமா?" என்று குற்றாலத்துக்குக் கூப்பிடுவார்கள். சும்மா இல்லை. ஈரத் துண்டோடு நிற்கிறவன் எதையும் மறைக்க முடியாது. தேமல், படை, ஆபரேஷன் தழும்பு, பச்சைத் தண்ணீரைக் கண்டால் நடுங்கும் சுபாவம் எல்லாம் அரை மணி நேரத்தில் வெளிவந்துவிடும்.

எண்பதுகளின் கடைசியில் என் முறை வந்தது. பெண்ணை முந்தின வாரமே தென்காசியில் அவர்கள் வீட்டில் பார்த்திருந்தேன். பள்ளிக்கூட டீச்சர். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "சீனி போட மறந்துட்டேன். கேப்பீயன்னு பாத்தேன், கேக்காமலே குடிக்கீய" என்றாள். இவளைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். பாக்கி அவள் அப்பா கையில் இருந்தது.

அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம். ரேடார் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். அதுதான் வினை. தெரியாத ஒருவராக இருந்திருந்தால், 'பெரிய படிப்பு' என்று விட்டிருப்பார்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தோம். எனக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி. விசாரணை ஆரம்பமாயிற்று.

"தம்பி என்ன ஆராய்ச்சி பண்ணுதிய?"

"ரேடார், மாமா."

"எந்த மாதிரி விமானத்துக்கு?"

"விமானம் இல்ல, தூசி. எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் ஒசரத்துல இருக்கு. எரிகல் எரிஞ்சு மிஞ்சுன தூசி."

"அவ்வளவு ஒசரத்துல எதிரி வரமாட்டானே?"

"வரமாட்டான்."

"மழ எப்ப பெய்யும்னு சொல்லுமா?"

"மழை மேகம்லாம் ரொம்பக் கீழ, மாமா."

"அப்ப மழைக்கும் ஆகாது, சண்டைக்கும் ஆகாது" என்றார் அவர். எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் கழுத்தைப் பிடித்துவிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தை எட்டிப் பார்த்தார். அனுதாபம்தான்.

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். பதிலாக விளக்க ஆரம்பித்தேன். வட துருவப் பக்கத்து வானத்திலும் சீசன் ஜூன், ஜூலைதான். கோடையில்தான் அந்த உயரம் மிகவும் குளிர்ந்துபோகும், தூசியின் மேல் பனி கட்டும். அங்கே திரியும் எலக்ட்ரான்கள் அந்தத் தூசியில் போய் ஒட்டிக்கொள்ளும். தூசிக்கு மின்னேற்றம் வந்துவிடும். அப்போது ரேடாரில் எதிரொலி, இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு பலமாகத் திரும்பி வரும்.

"ஒட்டிக்கிட்டா எதுக்குப் பலமா வரணும்?" என்றார் சுபேதார். சரியான கேள்வி. என் ஆராய்ச்சி வழிகாட்டிகூட அதைக் கேட்டதில்லை. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"வாங்க மாமா, அருவிலயே காட்டுதேன்."

பேரருவிக்கு அடியில் நல்ல கூட்டம். சுபேதார் ஆறடி ஆள். தண்ணீர் விழுந்த வேகத்திலும் அசையாமல் நின்றார். சுற்றிலும் பையன்கள் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓரிடத்தில் நெருக்கடி உண்டானால் அடுத்த நொடி கலைந்து, காலி இடமெல்லாம் நிரம்பிவிடும். எலக்ட்ரான் அப்படித்தான். எங்கும் ஒரே சீராகப் பரவிவிட்டால் ரேடார் அலை எதிலும் மோதித் திரும்பாது. இதற்குள் நாலைந்து பையன்கள் தண்ணீரின் வேகம் தாங்காமல் சுபேதாரின் கைகளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டார்கள். அவர் நகரவில்லை, அதனால் அவர்களும் நகரவில்லை. அங்கே ஒரு கொத்து, பக்கத்தில் ஓர் இடைவெளி, அப்படியே கலையாமல் நின்றது. அந்தக் கொத்தும் இடைவெளியும்தான் அலையைத் திருப்பி அனுப்பும். என் வாழ்நாளில் அப்படி ஒரு பாடம் எனக்கே அமைந்ததில்லை.

"மாமா! நீங்கதான் தூசி!" என்று கத்தினேன்.

அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. இது மட்டும் பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது.

"எங்க அண்ணனத் தூசிங்கான்!" என்றார் தம்பி.

"யாருலே அவன்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மாப்பிள்ளையாம்."

"ஆயாச்சா?"

"இல்ல. இனி ஆகவும் மாட்டான்."

"கோவப்படாதிய மாமா! வெறும் தூசி இல்ல, மின்னேற்றம் உள்ள தூசி!" என்று நான் நிலைமையைச் சரிசெய்தேன். போலீஸ்காரர் விசில் ஊதி, எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளினார்.

திரும்பி வர வேனில் ஏறினோம். ஈரத் துண்டுகள் வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வந்தன. வீட்டுக்கு வந்ததும் சுபேதார் மகளைக் கூப்பிட்டார்.

"இவரு என்னத் தூசின்னு சொல்லிட்டாரு. நூறு பேரு முன்னால."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் என் கால் விரல்களைப் பார்த்தேன். எண்ணெயில் மினுங்கின.

"எதுக்காம்?" என்றாள் அவள்.

"நான் அசையாம நின்னேனாம். பயலுவ என்னப் பிடிச்சிக்கிட்டு நின்னானுவளாம்."

"நின்னானுவளா?"

"நின்னானுவ."

"அப்ப சரியாத்தான சொல்லிருக்காரு?"

தம்பி, "ஏட்டி!" என்றார். அவள் அவரைக் கவனிக்காமல் என் பக்கம் திரும்பினாள். "இந்தத் தூசி வேல நிரந்தரமா?"

உதவித்தொகை, நீட்டிப்பு, துறைத் தலைவரின் மனநிலை என்று இதற்கு ஒரு நீளமான பதில் என்னிடம் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

"இல்ல" என்றேன்.

"காலைலருந்து இவரு சொன்னதுல எனக்கு விளங்குனது இது ஒண்ணுதான்" என்றார் சுபேதார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "அப்ப நான் டீச்சர் வேலைய விடமாட்டேன்னு இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் அதற்குள் மூன்று தரம் தலையாட்டிவிட்டேன். சுபேதார் தம்பியைப் பார்த்தார். தம்பி நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்க எழுந்து, வாசல் வரை போய், அங்கிருந்து எரிச்சலோடு கேட்டார்: "எத்தன பேருக்கு?"