சீச்சீயின் காரில் ஒரு டம்டம்

அந்தப் பட்டறை வரிசையில் அவருக்குப் பெயர் சீச்சீ. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது டிரைவிங் லைசென்ஸில் மட்டும் உயிரோடு இருந்தது. கார்களுக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். வேலைக்கு வரும் காரின் கதவைத் திறந்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். "சீச்சீ, மனுஷன் உக்கார்ற இடமா இது? பன்னிகூட ஒரு நிமிஷம் யோசிக்கும்." காரின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பார். அதைப் பற்றி இவருக்கு ஒரு கவலையும் கிடையாது. வேலை அவ்வளவு சுத்தம் என்பதால் வாயை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள், டீ கிளாஸுக்குள் விரலை விட்டுத் தூக்கிவருகிறவர்கள், சிக்னலில் நின்றபடி மூக்கு நோண்டுகிறவர்கள் என்று அவருக்குக் குமட்டலைக் கொடுக்கிறவர்கள் ஏராளம். எல்லோருக்கும் மேலே, தனி மேடை போட்டு உட்கார்ந்திருந்தது பக்கத்துப் பட்டறை.

அங்கே கார்களுக்கு ஸ்பீக்கர் வைப்பார்கள். அதை நடத்துகிறவனுக்கு டம்டம் என்று பெயர் வைத்ததே இவர்தான். டம்டம் சப்வூஃபர் என்கிற கனத்த சத்தத்துக்கான ஸ்பீக்கரைப் பொருத்திச் சோதித்துப் பார்த்தால், இரண்டு பட்டறைக்கும் பொதுவான தகரக் கூரை அதிரும். கூரை அதிர்ந்தால் அதில் படிந்திருக்கும் தூசி உதிரும். உதிர்கிற தூசி நேராக வந்து, இவர் அப்போதுதான் அடித்து முடித்த ஈரப் பெயின்டில் உட்காரும். கண்ணாடி மாதிரி இருந்த பானெட் கண்ணெதிரே சொறி பிடித்தது போல ஆகிவிடும். தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வாசலில் நின்று கத்துவார்.

"டேய், அது பாட்டா, பேதியா? வயித்தைக் கலக்குதுடா!"

டம்டம் சிரிப்பான். "அண்ணே, ஒரு நாள் உள்ள உக்காந்து கேட்டுப் பாருங்க. அப்புறம் விடமாட்டீங்க."

"சீ! அதுக்கு நான் மிக்ஸிக்குள்ள தலையை விட்டுக்குவேன்."

இப்படிப்பட்ட மனிதர் ஒரு சப்வூஃபரும் அதை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயரும் வாங்கி, பழைய போர்வையில் சுற்றி, திருட்டுச் சாமான் போல வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்றால் அதற்குக் காரணம் அவர் மனைவி.

அவள் நூல் மில்லில் வேலை பார்த்தவள். சின்ன வயதில் உள்ளே போய், நரைத்த தலையோடு வெளியே வந்தாள். வரும்போது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஒரேயடியாகப் போய்விடவில்லை. முதலில் காலிங் பெல் போயிற்று, பிறகு குக்கர் விசில், பிறகு மனிதர்களின் பேச்சு. "கீச்சுன்னு இருக்குற சத்தமெல்லாம் போயிடுச்சு. கனமான சத்தம் கொஞ்சம் மிச்சமிருக்கு" என்றார் காது டாக்டர். அவர் கொடுத்த மிஷினை மாட்டினால் அது காதுக்குள் ஊளையிட்டது. அவள் அதை டிராயரில் போட்டு மூடிவிட்டாள். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். மில்லில் எல்லோருமே அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அந்த இரைச்சலில் வேறு வழி கிடையாது.

லீவு நாளில் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு சும்மா ஒரு சுற்று போய்வருவது கல்யாணமான காலத்திலிருந்து இருந்த பழக்கம். டேஷ்போர்டில் பாட்டு ஓடும். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே எதிரே வருகிற வண்டி, அதை ஓட்டுகிறவன், அவன் சட்டை, ஓரமாகக் குப்பை கொட்டுகிறவன் என்று ஒருவரையும் மிச்சம் வைக்காமல் திட்டிக்கொண்டு வருவார். அவள் சிரித்துக்கொண்டே வருவாள். கொஞ்ச நாளாக அவள் வருவதில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. அங்க எனக்கு என்ன இருக்கு? மீன் தொட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள்.

அது அவரைத் தைத்தது. தனியாகப் போய்ப் பார்த்தார். பக்கத்து சீட் காலியாக இருக்க, திட்டுவதற்குக்கூட வாய் வரவில்லை. பாட்டுக் கேட்காததால்தான் வரமாட்டேன் என்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டினார். கனமான சத்தம் மிச்சமிருக்கிறது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கனமான சத்தத்துக்குப் பேர்போன இடம் எது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

டம்டமிடம் போய் நிற்பதைவிட நாலு முழக் கயிற்றைத் தேடலாம் என்று தோன்றியது. ஊரின் மறுகோடியில் ஒரு கடையில் சாமானை வாங்கினார். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு பகலில், தானே மாட்டிவிடுவது என்று வீட்டு வாசலில் காரை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். அதுவரை எல்லாம் மரியாதையாகப் போயிற்று. அடுத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த வயரைக் கதவோரமாக, கார்ப்பெட்டுக்கு அடியில் டிக்கி வரை கொண்டுபோக வேண்டும். கார்ப்பெட்டைத் தூக்கினார்.

"சீச்சீ!"

தன் சொந்தக் காரைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே முகம் பார்க்கலாம், உள்ளே நரகம். ஊறிப்போன பிஸ்கட் தூள், துருப்பிடித்த ஹேர்பின், மல்லாந்து செத்த கரப்பான், என்னவென்றே தெரியாத ஒரு பிசின். ஊரையெல்லாம் பன்னி என்று சொன்னவரின் சொந்தக் கார் இது. பக்கத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கம்பளி மாதிரி ஏதோ பாளமாக வந்தது. பஞ்சு. எண்ணெயில் ஊறிக் கறுத்த மில் பஞ்சு. ஷிஃப்ட் முடிந்து அவளை ஏற்றிக்கொண்டு வந்த காலமெல்லாம் அவள் புடவையிலிருந்து உதிர்ந்தது. காருக்குள்ளேயே இவ்வளவென்றால் அவள் நெஞ்சுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தபோது அவருக்குக் குமட்டல் நிஜமாகவே வந்துவிட்டது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். ஒரு பிசிறு விடாமல் பஞ்சையெல்லாம் கூட்டி எடுத்து வெளியே கொட்டினார். மில்லையே காரிலிருந்து துரத்திவிட்டது போல ஒரு நிம்மதி.

வயர்களை இழுத்து முடித்தார். கடைசியாக எர்த். ஆம்ப்ளிஃபயரின் கறுப்பு வயரைக் காரின் உடம்பில் இறுக்க வேண்டும். இறுக்குகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும் என்று கடைக்காரன் சொல்லியனுப்பியிருந்தான். டிக்கி ஓரத்தில் ஒரு தகட்டு விளிம்பில் ஓட்டை போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினார். வெள்ளைத் தகரம் பல்லை இளித்தது. தோலுரித்த புண் போல இருந்தது. வாழ்நாளெல்லாம் தகரம் தெரிந்தால் மூடுவதே வேலையாக இருந்த கை அது, சும்மா இருக்குமா? பிரைமர் எடுத்து ஒரு கோட், காய்ந்ததும் கலர், அதன் மேல் பளபளப்புக்கு லேக்கர். ஓட்டையின் உள்விளிம்பைக்கூட விடவில்லை. போல்ட் கீறிவிடக் கூடாதே என்று மேலும் கீழும் ரப்பர் வாஷர் வேறு. இறுக்கி முடித்துவிட்டு, அழகுதான் என்று தலையாட்டிக்கொண்டார்.

பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி ஸ்விட்சைப் போட்டார். ஒன்றும் இல்லை. எல்லா வயரையும் கழற்றி மாட்டினார். ஆம்ப்ளிஃபயரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டி டிக்கியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தது.

மறுநாள் வேறு வழியில்லாமல் காரை டம்டம் பட்டறை வாசலில் நிறுத்தி டிக்கியைத் திறந்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டம்டம் குனிந்தான். வெகு நேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"அண்ணே, இந்த எர்த்துக்குப் பெயின்ட் அடிச்சது யாரு?"

"நான்தான். வெறும் தகரத்தை அப்படியே விட்டா துருப்பிடிக்காது?"

"கரண்டு திரும்பிப் போற வழியே இதுதாண்ணே. நீங்க அதுக்கு லேக்கர் அடிச்சு, ரப்பர் வெச்சு அடைச்சிருக்கீங்க. இவ்ளோ ஃபினிஷிங்கா ஒரு எர்த்தை நான் பாத்ததே இல்ல." தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "யாருக்குண்ணே இது?"

"வீட்ல. அவளுக்குக் காது..." தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார்.

டம்டமின் சிரிப்பு நின்றது. எமரி பேப்பரை எடுத்து அந்தப் பெயின்டைத் தேய்க்க ஆரம்பித்தான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாஷரைத் தூக்கிப் போட்டு இறுக்கியதும் வெளிச்சம் வந்தது. டம் என்று ஒரு அடி. கூரை அதிர்ந்தது. தூசி உதிர்ந்து, பக்கத்தில், தன் பட்டறையில் காலையில்தான் அவர் அடித்து வைத்திருந்த கதவின் மேல் பொலபொலவென்று உட்கார்ந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். யாரைத் திட்டுவது?

லீவு நாள் வந்தது. "ஒரே ஒரு தடவை வா. பிடிக்கலைன்னா இனிமே கூப்பிடமாட்டேன்" என்று எதிரே நின்று சொல்லி அவளை ஏற்றினார். கொஞ்ச தூரம் போனதும் பாட்டைப் போட்டார். சீட் அதிர்ந்தது. கதவு அதிர்ந்தது. அவருக்குக் குடலே இடம் மாறியது போலிருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் கண்கள் விரிந்தன. கேட்டுவிட்டது என்று அவர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அவள் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள். கையால் வாயைப் பொத்தினாள்.

"நிறுத்துங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"நிறுத்துங்கன்னேன்! மில்லு இது. கால்வழியா ஏறுது பாருங்க, அதே நடுக்கம். வேலையை விட்டும் என் கால்ல இருந்து அது போகலை. இப்பத்தான் கொஞ்சம் அடங்குச்சு. காரையும் மில்லாக்கிட்டீங்களா? சீ!"

அந்த வார்த்தையை அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. காரை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் அணைத்தார். கார்ப்பெட்டுக்கு அடியில் பார்த்த கரப்பானைவிடத் தன்மேல் அதிக அருவருப்பாக இருந்தது. துரத்திய மில்லை ஃபியூஸ் போட்டுத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறார்.

"உனக்குப் பாட்டுக் கேக்கணும்னுதான்..." என்று ஸ்டியரிங்கைப் பார்த்து முனகினார்.

"இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க."

திரும்பிச் சொன்னார்.

"பாட்டு யாருக்கு வேணும்? அந்தப் பாட்டை நான் என்னைக்குக் கேட்டேன்? நீங்க எல்லாரையும் திட்டிக்கிட்டு வருவீங்களே, அதைக் கேக்கத்தானே நான் வர்றது. காது போனப்புறமும் ரோட்டைப் பாத்துட்டேதான் திட்டுறீங்க. உதடு தெரியலை. நீங்களா சிரிச்சுக்கிறீங்க. என்னன்னு தெரியாம நான் மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்கேன்."

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். சீட்டில் காலை மடக்கி, முழுசாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எதிரே ஒரு கடை வாசலில் ஒருத்தன் பல் குத்திக்கொண்டிருந்தான். அவர் வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொன்னார்.

"அந்தப் பச்சைச் சட்டையைப் பாரு. பல்லு குத்துன குச்சியை மோந்து பாக்குறான். இப்ப பாரு, அதைப் பாக்கெட்டுலயே வெச்சுக்குறான். நாளைக்கு வேணுமாம். சீச்சீ!"

அவள் எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு கதவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அவர் உதட்டையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"அடுத்தது யாரு?" என்றாள்.

தெருவில் ஆளுக்கா பஞ்சம்.