தண்ணி படக்கூடாத கோடு

தாலுகா ஆபீஸில் காலம் தள்ளியவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சான்றொப்பம் வாங்கி வைக்காமல் மனம் ஆறாது. என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம், ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்ததுதான். அதை யாரும் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவேயில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள். நான் ஓய்வு பெற்று, விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருந்தேன். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாமல்தான் போனேன். அரசாங்கத்தை உள்ளே இருந்து பார்த்தவனுக்கு வரிசை, முத்திரை, "நாளைக்கு வாங்க" ஆகிய மூன்றும் எங்கும் இருக்கும் என்று தெரியும். முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது இல்லை. அறுவை சிகிச்சை டாக்டர், மருந்து கொடுக்கிற டாக்டர், கதிர்வீச்சு டாக்டர் மூன்று பேரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவளுடைய படங்களைப் பார்த்தார்கள். முதலில் கட்டியை எடுப்பது, பிறகு மருந்து ஏற்றுவது, கடைசியில் கதிர்வீச்சு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. நிலத்தை அளக்கிறவரும் பட்டா எழுதுகிறவரும் ஒரே நாளில் ஒரே அறையில் இருந்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கை மேலே தூக்க வராமல் போய்விடக்கூடாது என்று, அங்கே இருந்த சமூகப் பணியாளர் அம்மா ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சுவரை ஒட்டி நின்று விரல்களால் பல்லி மாதிரி மேலே ஏற வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் அவள் விரல் எட்டிய இடத்தையெல்லாம் நான் பென்சிலால் குறித்து வைத்தேன். "சர்வே கல்லு நடாம வுட்டீங்களே" என்றாள். அவள் மறுபடி கிண்டல் செய்ய ஆரம்பித்ததால் எனக்குப் பாதி கவலை போயிற்று.

மீதிக் கவலை வேறு. யாருக்கும் சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட உத்தரவு. வெளியூரில் வேலையில் இருந்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு இடம் ஏறக்குறைய முடிகிற மாதிரி இருந்தது. தாய்க்கு இந்த வியாதி என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்கள்; அப்படிப் பேச எங்கள் சொந்தத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆபரேஷனைக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். மருந்து ஏற்றி முடி கொட்டியபோது, மணவாளநல்லூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டதாகச் சொன்னோம். எங்கள் பக்கத்து முருகன் எழுத்து மூலமாகப் பிராது வாங்குகிற சாமி. அவர் பெயரைச் சொன்னால் மேற்கொண்டு யாரும் விசாரணை வைக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கதிர்வீச்சு. எங்கள் பக்கத்து ஜனங்கள் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு தடவை, சில நிமிஷம்தான். வலிக்காது. ஆனால் கதிர் எங்கே விழ வேண்டும் என்பதற்கு நெஞ்சிலும் அக்குள் பக்கத்திலும் ஊதா மையால் கோடு போட்டுவிடுவார்கள். "நம்ம ஊரு பீங்கான் பொம்மைக்குக் கண்ணு எழுதுற மாதிரி, மூச்சு வுடாம எழுதுறாங்க" என்றாள் முதல் நாள். அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மஞ்சள் கூடாது. வைத்தியம் முடிகிறவரை கோடு அழியக்கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தர்ம விடுதி. வெளியூர் நோயாளிகள் துணைக்கு ஒருவரோடு தங்கலாம், பொதுச் சமையலறையில் பொங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை கரண்டு வைத்து முடிந்ததும் நாங்கள் பண்ருட்டி, நெய்வேலி வழியாக பஸ் பிடித்து ஊருக்கு வருவோம். திங்கள் விடியலில் திரும்புவோம். விடுதியில் எங்கள் பக்கத்துக் கட்டில் மங்களூர்க்காரம்மா. கர்நாடகத்து மங்களூர் இல்லை, திட்டக்குடியைத் தாண்டி இருக்கிற எங்கள் பக்கத்து மங்களூர்; மக்காச்சோளம் போடுகிற குடும்பம். அவருக்குத் தொண்டையில் நோய், அதனால் கழுத்தில் கோடு. வந்த அன்றே எங்களிடம், "ஒங்களுக்குப் பரவால்லக்கா, ரவிக்கைக்குள்ள இருக்குது. நான் எங்க கொண்டு போய் மறைக்கிறது? கேக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி, தொண்ட இதாலயே கெட்டுப்போச்சு" என்றார்.

இப்படிப் பாதி வைத்தியம் ஓடியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. கருவேப்பிலங்குறிச்சியில் அவளுடைய பெரியம்மா இறந்துவிட்டார். தாயில்லாத அவளை வளர்த்து எனக்குக் கட்டிக்கொடுத்தவர். போகாமல் இருப்பது என்ற பேச்சே எழவில்லை.

"பொணம் எடுத்ததும் குளிக்கச் சொல்வாங்களே" என்றேன் பஸ்ஸில்.

"பாத்துக்கறேன்" என்றாள்.

பாத்துக்கறேன் என்பது எங்கள் ஆபீஸில் அடிக்கடி புழங்கிய சொல். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் துக்கத்துக்குப் போகிறவளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

எங்கள் பக்கத்தில் பிணம் வாசலைத் தாண்டியதும் பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் போய்த் தலைமுழுகுவார்கள். முழுகாதவள் திரும்ப வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. நான் ஆண்களோடு சுடுகாட்டுக்குப் போய், வாய்க்காலில் முழுகிவிட்டு வந்தபோது அவள் யாருடைய புடவையையோ கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கொடியில் அவளுடைய வெள்ளை ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஊதா நிறம் தாறுமாறாகப் பரவியிருந்தது.

நடந்ததை பஸ்ஸில் சொன்னாள். மோட்டார் கொட்டகையில் எல்லாரும் குளிக்க, இவள் ஓரமாக நின்றிருக்கிறாள். அவளுடைய அண்ணி, அதாவது பெரியம்மாவின் மருமகள், வாய் ஓயாதவர். குடத்தோடு வந்து, "ஏம்மா டவுனுக்காரி, தண்ணி பட்டா கரைஞ்சிடுவியா?" என்று கேட்டுக்கொண்டே தலையோடு கவிழ்த்திருக்கிறார். ஒரு குடம் போதாதென்று இன்னொன்று.

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? அத்தினி பேரு நடுவுல?"

திங்கட்கிழமை கரண்டு வைக்கிற அறையிலிருந்து போன வேகத்தில் திரும்பி வந்தாள். கோடு இல்லாமல் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னோமே, புரியலையா சார்?"

"எங்களுக்குப் புரிஞ்சுதும்மா. எழவு வீட்டுக்குத்தான் புரியல."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி படம் எடுத்து அளந்து புதிதாகக் கோடு போட வேண்டும், அதுவரை வைத்தியம் நிற்கும், இப்படி நடுநடுவே நின்றால் இதுவரை வைத்ததற்கும் பலன் குறையும் என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "கோடு நாங்க போட்டுடுவோம் சார். ஒவ்வொரு சாவுக்கும் போட முடியாது" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு விதிகளைச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் விடுதியில் அவள் பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். "போதுங்க. வூட்டுக்குப் போயிடலாம். பெரியம்மாவே வந்து அழிச்சிட்டுப் போன மாதிரி இருக்குது. கருமாதிக்குப் போனா எண்ண தேச்சு முழுவணும், அதுலயும் அழியும். எத்தினி தரம்தான் போடுவாங்க?"

எனக்கு மருத்துவ விடுப்பு விதிகள்தான் ஞாபகம் வந்தன. மங்களூர்க்காரம்மாதான் கட்டிலில் படுத்தபடியே, கம்மிப்போன குரலில் கேட்டார்:

"ஏங்கா, ஒன்ன வளத்த பெரியம்மா செத்த கையோட ஒன்னையும் கூப்டுக்குமா? எங்க ஊருல மாமியாருங்கதான் அப்படிச் செய்வாங்க."

என் மனைவி சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். அப்புறம் பையிலிருந்து துணிகளை வெளியே எடுத்தாள். புதன்கிழமை புதுக் கோடு போட்டார்கள்.

கருமாதி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நான் முன்கூட்டியே சில காரணங்கள் தயாரித்து வைத்திருந்தேன். சளி, இளைப்பு, கர்ப்பப்பைத் தையல் ஆறவில்லை என்று டாக்டர் சொன்னது. எல்லாமே தகுந்த ஆதாரத்தோடு. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "நீங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க. அது போதும்" என்றாள்.

நான் பந்தலில் மற்ற ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயுமாகக் கிளம்பினார்கள். அண்ணி வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"வாம்மா டவுனுக்காரி. ஒனக்குத் தனியா அழைப்பு வைக்கணுமா?"

"நான் குளிக்கல அண்ணி."

"ஏன், இன்னிக்கும் கரைஞ்சிடுவியா?"

"நான் கரைய மாட்டன். கோடு கரைஞ்சிடும்." அவள் குரல் பந்தலுக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் பேசினாள். "எனக்கு மார்ல புத்துநோய் வந்துச்சு அண்ணி. எடுத்துட்டாங்க. இப்ப கரண்டு வைக்கிறாங்க. அதுக்குக் கோடு போட்டிருக்காங்க, தண்ணி படக்கூடாது. அன்னிக்கு நீங்க ஊத்துன தண்ணியில அழிஞ்சுபோயி, வைத்தியம் நின்னுபோச்சு."

பந்தலில் வெற்றிலை மென்ற வாய்கள் நின்றன. அண்ணியின் கணவர், என் மைத்துனர், என் பக்கம் திரும்பி, "மாப்ள?" என்றார். எனக்கு இடப்பட்ட உத்தரவுப்படி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அடிப் பாவி" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? என்னைக் கொலைகாரி ஆக்கப் பாத்தியேடி." அதுவரை அவர் அவளை 'டி' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு சட்டென்று, "அப்ப முருவனுக்கு மொட்ட போட்டன்னது?"

"மருந்துல கொட்டுனதுதான்."

"சாமி பேர்லயே பொய்யா! ஒன்ன வளத்தவ இருந்திருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பா" என்று சொல்லி, அண்ணி ஓவென்று அழுதார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கருமாதி வீட்டில் அழுகைக்குத் தனியாகக் காரணம் தேவையில்லை. அதனால் யார் எதற்கு அழுதார்கள் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அழுது முடித்ததும் காரியம் பார்த்தார்கள். முழுகாமல் வீட்டுக்குள் விட முடியாது. முழுக்காட்டவும் முடியாது. மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்றாள் ஒருத்தி. மஞ்சளும் ஆகாது என்றாள் என் மனைவி. யூரியா மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் உறை ஒன்று களத்தில் கிடந்தது. அண்ணி அதை நன்றாகக் கழுவி, துடைத்து, என் மனைவியின் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நாற்காலியில் உட்காரவைத்துத் தலையை முன்னால் குனியச் சொல்லி, புதிதாக முளைத்திருந்த முடி மட்டும் நனைகிற மாதிரி, ஒரு சொம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். சலூன் கடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தாள். "தீட்டு போச்சு. எவளாவது இல்லன்னு சொல்லட்டும்" என்று அண்ணி சுற்றிலும் பார்த்தார். எவளும் சொல்லவில்லை. கோட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. பேச்சில் இருந்த சம்பந்தம் நின்றது. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். முந்தின மாதம்வரை பொருந்திய ஜாதகம். என் மனைவி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மகள் போனில், "கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு பொருந்தாமப் போயிருந்தா என்னம்மா செய்வ? வுடும்மா" என்றாள். அடுத்த வருஷம் வேறு இடத்தில் முடிந்தது. எல்லாம் தெரிந்தே வந்தவர்கள்.

நாங்கள் எதிர்பாராதது வேறு ஒன்று. சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் நலம் விசாரிப்பார்கள். டீ குடிப்பார்கள். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் போவார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, மகன் வளைகுடாவில் இருப்பதால் கூட்டிப் போக ஆளில்லை என்று வந்தார். அவரையும் எங்களோடு பஸ் ஏற்றினோம். எந்த வாசலில் சீட்டு போடுவது, எந்தக் கிழமை போனால் மூன்று டாக்டரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், விடுதிக்கு யாரிடம் சொல்வது என்று நான் எல்லாருக்கும் விளக்கினேன். என் சான்றொப்பம் இட்ட நகல்கள் மட்டும் இன்னும் கேட்பாரற்று இருந்தன.

ஒரு நாள் அண்ணியே வந்தார். தனக்கும் கட்டி ஒன்று வெகுநாளாக இருப்பதாகவும், வேப்பிலை அரைத்துப் போட்டு வருவதாகவும், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அடுத்த திங்கள் கூட்டிப் போனோம். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். அது கொழுப்புக் கட்டி, பயமில்லை என்றார்கள். "இதுக்கா என்ன ரெண்டு பஸ்ஸு மாத்த வச்சீங்க அண்ணே?" என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். பண்ருட்டியில் எல்லாருக்கும் பலாச்சுளை வாங்கிக் கொடுத்தார்.

கரண்டு வைத்து முடிந்தது. தோல் கறுத்து உரிந்து, டாக்டரம்மா கொடுத்த மருந்தில் மெல்ல ஆறியது. "இனிமே தாராளமா குளிக்கலாம்" என்று அவர் சொன்ன வாரம், யாரும் அழைக்காமலே அண்ணி சீயக்காய்ப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டில் வந்து நின்றார். பின்கட்டில் வெந்நீர் காய்ந்தது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சுவரில் பென்சில் குறிகள் என் தலைக்கு மேலே போய்விட்டிருந்தன.

முதல் சொம்பு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"என்னாடி டவுனுக்காரி, கரையிறியா?"

"இன்னும் ஊத்துங்க அண்ணி" என்றாள் என் மனைவி.