எவரேனும் ஒருவர்

அரசு சட்டத்துறையில் மசோதா எழுதும் அந்த அம்மாளை ஆபீஸே 'அக்கா' என்றுதான் கூப்பிடும். 'எவரேனும் ஒருவர்' என்று எழுதும் இடத்திலெல்லாம் வீட்டு மனிதர் ஒருவரை மனதுக்குள் நிறுத்திப் பார்ப்பது அக்காவின் வழக்கம். இவருக்கு இப்படி நடந்தால் தாங்குமா என்று யோசிப்பார். நெஞ்சு உறுத்தினால் அந்தப் பிரிவை அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

வதந்தி பரப்புகிறவரை விசாரணையில்லாமல் சிறையில் வைக்கலாம் என்ற மசோதா கைக்கு வந்த வாரம், நாத்தனார் வந்து தங்கியிருந்தார். அக்காவின் சமையலை வாயில் வைக்க முடியாதென்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்த புண்ணியவதி. அக்கா அவரையே நிறுத்திப் பார்த்தார். உறுத்தவில்லை, சொல்லப்போனால் வயிறு குளிர்ந்தது. எது வதந்தி என்பதை அதிகாரியே முடிவு செய்யலாம் என்ற வரியும் அந்தக் குளிர்ச்சியில் தப்பிவிட்டது.

சட்டம் நிறைவேறியது, ஊர் கொதித்தது, வழக்கு வந்தது. அரசு வக்கீலுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அதிகாரிக்கு ஒருத்தரைப் பிடிக்கலேன்னா, அவர் வாயைத் திறந்தாலே வதந்திதானா? அப்புறம் அரசியலமைப்புல தனிமனித சுதந்திரம்னு எழுதி வெச்சது எதுக்கு?" என்றார் நீதிபதி.

வக்கீல் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா மசோதாவைப் புரட்டி அந்த வரியைப் பார்த்தார்.

சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்த அன்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "நீதிபதி சும்மா பயப்படறாரு. பிடிக்கலேங்கறதுக்காக யாராவது ஒருத்தரை உள்ள தள்ளுவாங்களா?"

"தள்ளுவாங்க," என்றார் அக்கா. "உங்க தங்கச்சியை நானே தள்ளிட்டேன்."